பெட்டியில் போட்ட தவணை

சரீப் மாஸ்டரிடம் படித்தவர்களை ஏறாவூரில் எளிதாக அடையாளம் கண்டுவிடலாம். கடைக்குப் போய் அரை இறாத்தல் சீனி வாங்கினாலும் ரசீதுத் துண்டு கேட்டு நிற்பார்கள். செங்கலடிப் பள்ளிக்கூடத்தில் அவர் படிப்பித்தது கணக்குப் பதிவியல். கொடுத்தவன் யார், வாங்கியவன் யார், எதற்காகக் கொடுத்தான், துண்டு எங்கே என்று பிள்ளைகளின் கண்ணில் விரலை விட்டு ஆட்டுவார். துண்டில்லாத கொடுக்கல் கணக்கில் சேராது என்பதைக் கரும்பலகையில் எழுதி, அடியில் கோடும் கீறுவார். அப்படிப்பட்ட மனிதர் தம்முடைய சொந்தக் கடனைக் கட்டிய விதத்தைக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன காலத்தில் படிப்பு இலவசம்தான். சோறும் விடுதியும் போய்வர ரயில் கோச்சியும் இலவசமில்லை. வாப்பா மௌத்தாகி அடக்கமான பிறகு, உம்மாவும் அவர் தாத்தா என்று கூப்பிடும் மூத்த சகோதரி சபூராவும் பாய் இழைத்து உலை வைத்துக்கொண்டிருந்த வீடு அது. ஊரில் ஒரு கல்விச் சங்கம் இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு எடுபட்ட ஏழைப் பிள்ளைகளுக்கு அது வட்டியில்லாமல் கடன் கொடுக்கும். பிள்ளை உத்தியோகம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தால் அந்தக் காசில் அடுத்த பிள்ளை போகும். ஒரே நிபந்தனை, பிணைக்கு ஓர் ஆள் நிற்கவேண்டும். தறிக்கார உசனார் நின்றார். சரீப்பின் வாப்பா அவருடைய தறியில் சாரன் நெய்தவர். அந்த ஒரு பாத்தியதைதான்.

கடன் காசைப் பள்ளிவாசலின் பக்கத்து அறையில் வைத்துத்தான் கொடுத்தார்கள். சங்கத்துக்குத் தனியாக அலுவலகம் கிடையாது. அந்த அறையில் இருந்த இரும்புப் பெட்டகத்துக்குள் பள்ளிவாசல் காசு ஒரு பையிலும் சங்கத்துக் காசு இன்னொரு பையிலும் கிடந்தன. பேராதனைக்குப் போகிற அவசரத்திலும் பயத்திலும் இருந்த பையன் பெட்டகத்தைக் கண்டான். உள்ளே பைகள் இரண்டு இருந்ததைக் கவனிக்கவில்லை. காசு பள்ளிவாசலில் இருந்து வந்தது, பள்ளிவாசலுக்கே போகவேண்டும் என்று மனதில் பதிந்துபோயிற்று.

பட்டம் கிடைத்தது, உத்தியோகமும் கிடைத்தது, கல்யாணமும் பேசினார்கள். பேச்சுக்காலில் பெண்வீட்டார் கேட்டபோது, மாமன் முறையான ஒருவர் முந்திக்கொண்டு, "கடன் கிடன் ஒண்டும் இல்லாத புள்ள" என்று சொல்லிவிட்டார். சரீப் பக்கத்தில் இருந்தும் மென்று விழுங்கினார். இந்தப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண், பெண்ணின் வீட்டுக்குத்தான் குடி போவான். வீடு அவளுடைய பேரில் இருக்கும், அவனுடைய உழைப்பும் அந்த வீட்டுக்கே வரும். போன இடத்தில் கடன்காரனாக நிற்க அவருக்கு வெட்கமாக இருந்தது. போதாக்குறைக்குச் சங்கத்தின் தனாதிகாரி ஹலீம் ஹாஜியார் அவருடைய மனைவி றமீஸாவின் தாய்வழிக் குடியைச் சேர்ந்தவர், வீடும் அடுத்த வளவில். அவரிடம் தவணை கட்டப் போனால் மஃரிப் தொழுகைக்கு முன்னமே மாமியாருக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் கலைகிற நேரம் ஹாஜியாரைப் பிடித்தார். "என்ட கடனைக் கொஞ்சம் கொஞ்சமாப் பள்ளிக்குள்ளயே தந்துடுறன், ஹாஜியார்" என்றார். வீட்டுக்கு வராமல் பள்ளிவாசல் அறையில் வந்து தருவதாக ஹாஜியார் விளங்கிக்கொண்டார். "நல்லது மகன், அப்படிச் செய்யுங்க" என்று முதுகில் தட்டினார். அன்றிலிருந்து சம்பளம் எடுத்து வருகிற வெள்ளியெல்லாம், சரீப் மாஸ்டர் தாள்களைச் சின்னதாக மடித்து, வாசலண்டை இருக்கிற உண்டியல் பெட்டிக்குள் காதும் காதும் வைத்தாற்போல் போட்டு வந்தார். ஹாஜியார் திறந்து எடுத்து வரவு வைப்பார் என்பது அவருடைய நினைப்பு. துண்டு கேட்கத் தோன்றவில்லை. பள்ளிவாசலில் துண்டு கேட்பதா?

பெட்டியைத் திறக்கிற மரைக்கார்மாருக்கு, அதாவது குடிக்கு ஒருவராகப் பள்ளிவாசலை நடத்துகிறவர்களுக்கு, மாதத்தில் ஒருநாள் பெரிய தாள்கள் விழுவது ஆச்சரியமாக இருந்தது. யாரோ ஒரு நல்ல மனிசன் என்று பேசிக்கொண்டார்கள். அந்தக் காசைச் சேர்த்துத்தான் பழைய கூரையைப் பிரித்து ஓடு போட்டார்கள். ஓடு போட்ட வெள்ளிக்கிழமை மௌலவி, பெயர் சொல்ல விரும்பாத அந்தக் கொடையாளிக்காகத் துஆக் கேட்டார். எல்லாரையும்விட உரத்து ஆமீன் சொன்னவர் சரீப் மாஸ்டர். யாராக இருக்கும் என்று பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தும் பார்த்தார்.

தவணையைக் காணோமே என்று அடுத்த வளவு மருமகனிடம் கேட்கக் கூச்சப்பட்டிருந்த ஹாஜியார் இடையில் மௌத்தானார். மாஸ்டர் தம் மனக்கணக்குப்படி முழுத்தொகையும் போட்டு முடித்தார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தில் றமீஸாவுக்கு ஒரு சேலை எடுத்துப் போனார். என்ன விசேஷம் என்று அவள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். அவள் சேலையை வாங்கி அலமாரிக்குள் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதற்குப் பிறகு ஒரு பெரும்போக நெல் வெட்டி, அடுத்த வருசத்ததும் வெட்டியாயிற்று. ஒருநாள் பள்ளிக்கூட இடைவேளையில் உசனார் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்தார். செங்கலடி வரைக்கும் மிதித்து வந்த களைப்பைவிட வேறு ஒரு களைப்பு முகத்தில் தெரிந்தது.

"வீட்ட வந்து கதைக்கிற விசயமில்ல தம்பி. அதான் இஞ்ச வந்த."

"என்ன மாமா?"

"சங்கத்துக்குப் புதுக் கொமிட்டி வந்திரிக்கில்லா. பழைய கடனெல்லாம் கிளறுறாங்க. உன்ட கடனை என்னட்டக் கேட்டு ஆளனுப்பியிரிக்காங்க."

மாஸ்டர் சிரித்துவிட்டார். "அதைக் கட்டி முடிச்சு எவ்வளவு காலம் மாமா."

உசனாரின் முகம் அப்படியே மாறிவிட்டது. "அல்ஹம்துலில்லாஹ். எனக்குச் சோறு இறங்கல்ல தம்பி. குல்தூம்ட வீட்டுக்கு ஓடு எடுக்க வெச்ச சல்லிதான் கையில இரிக்கி. அதையும் குடுத்தா நான் எங்க போற? சரி, துண்டைத் தா. நானே போய்க் காட்டிட்டு வாறன்."

"துண்டா?" என்றார் மாஸ்டர்.

மணி அடித்தது. அன்றைக்கு அடுத்த பாடத்தில் கரும்பலகையில் என்ன எழுதினார் என்று அவருக்கே தெரியாது.

உசனாருக்கு இரண்டு பெண்கள். இருந்த வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டு அவரும் மனைவியும் பின்பக்கத்துச் சாய்ப்பான பத்தியில் ஒதுங்கியிருந்தார்கள். இளையவள் உம்மு குல்தூமுக்குக் காத்தான்குடியில் மாப்பிள்ளை பேசி, வீடும் கட்டத் தொடங்கியிருந்தார். சுவர் எழும்பிவிட்டது. மாப்பிள்ளையின் உம்மா வந்து சுற்றிப் பார்த்து, "கூரை ஏறட்டும், நாளைக் குறிப்பம்" என்று சொல்லிப் போனாள். போனவள் சும்மா இருக்கவில்லை. வேறு ஓர் இடத்துப் பேச்சையும் காதில் வாங்கிக்கொண்டிருக்கிறாள் என்று செய்தி வந்திருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் ஓடு ஏறாவிட்டால் குல்தூமின் கல்யாணம் கலைந்துபோகும்.

கொமிட்டி அஸர் தொழுகைக்குப் பின் அதே பக்கத்து அறையில் கூடியது. காரியதரிசி பாறூக், மட்டக்களப்பு அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். மாஸ்டரிடம் படித்தவன்தான். அவரைக் கண்டதும் எழுந்து நின்று கதிரை கொடுத்தான். அவர் சொன்னதை முழுக்கக் கேட்டான். கேட்டு முடித்துத் தலை குனிந்துகொண்டான்.

"சேர், துண்டில்லாத கொடுக்கல் கணக்கில சேராது எண்டு நீங்கதான் எங்களுக்குச் செல்லித் தந்த."

மாஸ்டர் மௌலவியைப் பார்த்தார். மௌலவி நிதானமான ஆள்.

"கடன் குடுத்தவன்ட கையில சேர்ந்தாத்தான் மாஸ்டர் கடன் தீரும். பெட்டியில விழுந்தது பள்ளிட சொத்து. அதை வெளிய எடுக்க எனக்கும் உரிமையில்ல, இவங்களுக்கும் உரிமையில்ல."

"நான் கடனெண்டு நினைச்சுத்தானே போட்டன்?"

"அது அல்லாஹ்வுக்குத் தெரியும். அதுக்குரிய கூலியை அவன் தருவான். சங்கத்துக் கணக்கில எழுத எங்களுக்கு ஏலாது."

கிழட்டு மரைக்கார் ஒருவர் மெல்லத் தலையைத் தூக்கி ஓடு போட்ட கூரையைப் பார்த்தார். "அப்ப அந்த நல்ல மனிசன் நீங்கதானா?" என்றார். சிரிப்பு வந்தவர்கள் தாடியைத் தடவிக்கொண்டார்கள்.

மாதாமாதம் சம்பளத்தில் கட்டுகிறேன் என்று மாஸ்டர் சொன்னார். பாறூக் கையைப் பிசைந்தான். இந்த முறை ஊரில் ஒரு பிள்ளை டாக்டர் படிப்புக்கு எடுபட்டிருக்கிறது, சங்கத்தில் அனுப்பக் காசில்லை, தவணைக்காகப் பல்கலைக்கழகம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திராது. அதுவும் நியாயம்தான். டவுனில் வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் இருந்தார்கள். வட்டியில்லாத கடனை வட்டிக்கு வாங்கிக் கட்டுவதை மௌலவியின் முன்னால் யார் பேசுவது?

அதுவரை கதவோரம் நின்ற உசனார் உள்ளே வந்தார். இடுப்பு வாரை அவிழ்த்து, அதன் பைக்குள் இருந்த பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"பிணைக்கு நிண்டவன் நான். எடுங்க."

பாறூக் எண்ணி எடுத்துத் துண்டு எழுதிக் கொடுத்தான். உசனார் அதை வாசிக்காமல் மடித்து வாருக்குள் வைத்தார். வெளியே வந்து செருப்பைப் போடும்போது மாஸ்டரின் பக்கம் திரும்பி, "ஓடு எடுக்கிறதைக் கொஞ்சம் சுணங்கிப் பாப்பம்" என்றார். ஒரு சொல் ஏசியிருந்தால் மாஸ்டருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர் ஏசவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் றமீஸா கிணற்றடியில் இறால் உரித்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் குந்தி, பேச்சுக்காலில் விழுங்கியது முதல் உசனாரின் இடுப்பு வார் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். ஏச்சு விழும், மாமியார் ஓடி வருவார், அயல் கூடும் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னார். றமீஸா குரலை உயர்த்தவில்லை.

"மாசா மாசம் சம்பளத்தில குறைஞ்ச சல்லி அதா?"

"ஓம்."

"எல்லாம் பெட்டிக்குள்ளயா போன?"

"ஓம்."

"சபூரா தாத்தாக்கு ஒண்டும் குடுக்கல்லயா?"

மாஸ்டருக்கு விளங்கவில்லை. "தாத்தாக்கா? அவ எண்டைக்கு என்னட்டச் சல்லி வாங்கின?"

றமீஸாவின் கையில் இருந்த இறால் சட்டிக்குள் விழுந்தது.

கல்யாணம் முடித்து வந்த ஆண், தன் உம்மா வீட்டுக்கும் சகோதரி வீட்டுக்கும் கள்ளமாய்க் காசு கொண்டுபோவானா என்பதில்தான் இந்தப் பக்கத்துப் பெண்களின் கண் முழுக்க இருக்கும். சம்பளத்தில் குறைந்த காசுக்கு றமீஸா முதல் மாதமே விடை கண்டுபிடித்துவிட்டாள். உம்மாவும் மௌத்தான பிறகு, வாவிக்கரையில் தனியாய்ப் பாய் இழைத்துக்கொண்டிருந்த சபூராதான் அந்த விடை. மூத்த பிள்ளை பிறந்த நேரம் சபூரா புதுப் பாய் ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து வந்தாள். என் புருசனுடைய காசில்தானே இந்தப் பாய்க்குப் பன்புல் வாங்கியிருப்பாள் என்று நினைத்த றமீஸா, அவளை வாசலில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி கூடக் கொடுக்கவில்லை. சபூரா பிள்ளையைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. அந்தப் பாய் இன்னும் விரிக்கப்படாமல் பரணில் கிடந்தது. சேலை வந்த அன்றும், தாத்தாவுக்கு ஒன்று எடுத்திருப்பார், மனச்சாட்சி குத்தி எனக்கும் ஒன்று எடுத்திருக்கிறார் என்றுதான் றமீஸா நினைத்தாள். இவ்வளவும் ஒரே வீட்டுக்குள் நடந்தது. மாஸ்டருக்கு ஒன்றும் தெரியாது. பெண்களுக்குள் ஏதோ என்று விட்டுவிட்டார்.

"உங்கட கடனுக்கு உசனார் மாமா பிணை நிண்டார்" என்றாள் றமீஸா. "இவ்வளவு காலமும் நான் அந்த மனிசியை மனசுக்குள்ள ஏசிக்கொண்டு திரிஞ்சிரிக்கன். அந்தக் கடனுக்கு ஆரு பிணை?"

அவளுக்கு அழுகை வந்தது. இறால் கையால் கண்ணைத் துடைக்கவும் முடியாமல் அப்படியே அழுதாள். மாஸ்டர் தம் சால்வையால் துடைத்துவிடப் போனார், தட்டிவிட்டாள்.

மறுநாள் காலை பிட்டு அவித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்.

"வீடு என்ட பேரில இரிக்கி. அதில ஆர் இரிக்கிற எண்டு நான்தான் செல்லுற. குல்தூமை இஞ்ச இரிக்கச் செல்லுவம். நிக்காஹ் இந்த வீட்டில நடக்கட்டும். நீங்க மாசா மாசம் உசனார் மாமாட கையில சல்லியைக் குடுங்க. பெட்டிக்குள்ள இல்ல, கையில. அவட வீட்டுக்கு ஓடு ஏறுமட்டும் அவங்க இஞ்ச இரிக்கட்டும்."

"நாம எங்க போற?"

"சபூரா தாத்தாட வீட்டுக்கு."

மாமியார் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "வீட்டுக்காரப் பொம்புள தன்ட வீட்டை விட்டுட்டு மதினிட வீட்டுக்குக் குடி போற வழக்கம் எங்கடி இரிக்கி?" என்றார். "இல்லாததாலதான் உம்மா போறன்" என்றாள் றமீஸா. மாமியார் பேசாமல் போகவில்லை, பின்னேரம் வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தார். ஆனால் வீடு மகளுடைய பேரில் இருந்தது.

உசனாரைச் சம்மதிக்க வைப்பது அதைவிடப் பெரிய பாடாகப் போயிற்று. மற்றவனுடைய வீட்டில் என் மகளைக் கட்டிக் கொடுப்பதா என்று முறைத்தார். றமீஸா நேரில் போய்ப் பத்திக்குள் அவருடைய மனைவியோடு உட்கார்ந்து பேசினாள். கடைசியில் அவள்தான் மாப்பிள்ளையின் உம்மாவையும் கூட்டி வந்து வீட்டைக் காட்டினாள். அந்த மனிசி சீமெந்துத் தரையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள், கிணற்றை எட்டிப் பார்த்தாள், குசினிக்குள் நின்று கூரை ஓடுகளை அண்ணாந்து பார்த்தாள். எவ்வளவு காலம் என்று எழுதித் தரவேண்டும் என்றாள். சரீப் மாஸ்டர் முத்திரை ஒட்டி, எல்லாரும் விளங்கும்படி எழுதி, ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். மாதத் தவணைக்கு உசனாரிடம் துண்டும் கேட்டார். உசனார், "எனக்கு எழுதத் தெரியாது தம்பி, நீயே எழுதிக்கோ" என்றார். எழுதி, அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டார்.

பெருநாளுக்கு முந்திய கிழமை சாமான்களை மாட்டு வண்டியில் ஏற்றினார்கள். சட்டி, பானை, பிள்ளைகளின் பெட்டிகள், மாஸ்டரின் புத்தகங்கள், எல்லாவற்றுக்கும் மேலே பரணில் கிடந்த பாய். வண்டி வாவிக்கரைக்குப் போகும்போது வேலிகளுக்கு மேலாகத் தலைகள் தெரிந்தன. றமீஸா முக்காட்டை இழுத்துக்கொண்டு நேரே பார்த்தபடி நடந்தாள்.

சபூராவின் வீடு கிடுகு வேய்ந்தது. முற்றத்தில் பன் காயப் போட்டிருந்தது. ஆள் அனுப்பிச் சொல்லியிருந்ததால் வளவைக் கூட்டி வைத்திருந்தாள். ஏன் வருகிறார்கள் என்று கேட்கவில்லை. றமீஸா வேலிக் கடப்படியில் நின்று, வாழ்க்கையில் முதன்முறையாக அவள் முகத்துக்கு நேரே "தாத்தா" என்றாள். சொன்னதும் அழுதுவிட்டாள். சபூரா அவளை உள்ளே கூட்டிப் போய் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தாள். கொடுத்த கையோடு தம்பியைத் தேடி வேலியடிக்கு வந்தாள்.

"என்னடா தம்பி, இந்தப் புள்ளைக்கு என்ன? என்னைக் கண்டதும் அழுறா."

"உனக்குத் தரவேண்டிய கடன் ஒண்டு அவக்கு இரிக்கி தாத்தா. அதைக் கட்ட வந்திரிக்கா" என்றார் மாஸ்டர்.

சபூரா வாவிப் பக்கம் திரும்பினாள். தோணி ஒன்று வலை இழுத்துக்கொண்டிருந்தது.

"அந்தத் தேத்தண்ணியா? அதை நான் அண்டைக்கு வீட்ட வந்து சேருமுன்னமே விட்டுட்டன்."

"அப்ப அவட்டச் செல்லு. ஆறுதலா இருப்பா."

"செல்லமாட்டன்" என்றாள் சபூரா. "கொஞ்ச நாளைக்குக் கட்டட்டும். எனக்கும் இந்த வீட்டில கதைக்க ஆள் வேணும்தானே."

உள்ளேயிருந்து றமீஸா, உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். சபூரா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனாள்.